கிடாய்க்குக் காசு கொடுத்தவன்: வாங்குபவனின் பங்கு பற்றிய ஒரு பழைய விவாதம்

போன சித்திரையில் தங்கை மகனுக்கு மொட்டை, காதுகுத்து. விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில் வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். மடியில் உட்கார வைப்பது, கடுக்கன், துணிமணி எல்லாம் என் செலவு. கிடாயும் என் பொறுப்பு. பெரியப்பா மகனோடு எட்டயபுரம் சந்தைக்குப் போய் 14,000 ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கிடாய் பிடித்து வந்தோம்.

ரெண்டு நாள் அது வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடந்தது. என் மகளுக்கு 13 வயது. சென்னையிலேயே வளர்ந்தவள். ரெண்டு நாளும் அகத்திக்கீரையும் கையுமாக அதன் பக்கத்திலேயே இருந்தாள். என் அம்மா மட்டும், "பேரு கீரு வச்சிராத தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூணாம் நாள் கோயிலில் கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். ரெண்டு தடவை தெளித்தும் சும்மா நின்றது. மூணாவது தடவை சிலிர்த்தது. மகள் கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். அழவில்லை. பந்தியில் மட்டும் உட்காரவில்லை.

திரும்பி வரும்போது திருச்சி தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, ஆட்ட வெட்டினது யாரு?"

"பூசாரிதாம்மா."

"காசு குடுத்தது?"

"நான்தான். தாய்மாமன் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"சரி, ஞாயித்துக்கிழமை கடையில வாங்குறது?"

"அது நமக்குன்னு வெட்டினது இல்லம்மா. கடையில ஏற்கெனவே வெட்டித்தானே வச்சிருப்பாங்க."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கறி சாப்பிடுவதில்லை. நான் சொன்ன பதில் எனக்கே உறுத்திக்கொண்டு இருந்தது. ஆபீஸில் ஒரு புரோகிராம் ஏன் தப்பாக ஓடுகிறது என்று தேடுவது போல, இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். நான் படித்தது பி.இ. வரலாறும் இலக்கியமும் சொந்த ஆர்வத்தில் படிப்பவை. நாலைந்து மாதம் ராத்திரி உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது இதுதான்: என் பதில் என்னுடையதே இல்லை. அது 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது.

ஜீவகனின் மாந்தோப்பு

பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தில் ஜீவக சுத்தம் என்று ஒரு சிறிய உரையாடல் இருக்கிறது. இடம் ராஜகிருகம். ஜீவகன் அரண்மனை வைத்தியன், புத்தருக்கும் வைத்தியம் பார்த்தவன். அவனுடைய மாந்தோப்பில் புத்தர் தங்கியிருக்கிறார். உங்களுக்கென்றே கொல்லப்பட்ட மிருகத்தின் இறைச்சியைத் தெரிந்தே நீங்கள் உண்பதாக ஊரில் பேசுகிறார்களே, உண்மையா என்று ஜீவகன் கேட்கிறான்.

புத்தர் மூன்று நிபந்தனைகள் சொல்கிறார். தனக்காகக் கொல்லப்பட்டது என்று பிக்கு கண்ணால் பார்த்திருந்தாலும், காதால் கேட்டிருந்தாலும், மனதில் சந்தேகப்பட்டிருந்தாலும் அந்த இறைச்சியை உண்ணக் கூடாது. மூன்றும் இல்லையென்றால் உண்ணலாம்.

இதற்குப் பின்னணியாக விநயத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வைசாலியில் சீகன் என்ற சேனாதிபதி. முன்பு சமணர்களின் ஆதரவாளன், பிறகு புத்தர் பக்கம் வந்தவன். புத்தருக்கு விருந்து வைக்கிறான். வேலையாளைக் கூப்பிட்டு, 'கடையில் ஏற்கெனவே கிடைக்கிற இறைச்சி இருக்கிறதா பார்' என்று அனுப்புகிறான். இதைக் கேள்விப்பட்ட சமணத் துறவிகள், சீகன் பெரிய மிருகத்தைக் கொன்று கௌதமருக்குச் சமைக்கிறான், தெரிந்தே அவர் உண்கிறார் என்று தெருத்தெருவாகக் குரல் எழுப்புகிறார்கள். அதையொட்டித்தான் இந்த மூன்று நிபந்தனை விதி.

'கடையில் ஏற்கெனவே இருக்கிற இறைச்சி'. நான் காரில் சொன்ன அதே வார்த்தை!

இந்த விதியை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. பிக்கு கடைக்குப் போவதில்லை, காசைத் தொடுவதில்லை. வீட்டு வாசலில் ஓட்டை நீட்டுகிறார். அந்த வீட்டில் சமைத்ததில் ஒரு கை விழுகிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வீட்டில் அன்றைக்குச் சமைத்தது சமைத்ததுதான். தேவதத்தன் வந்து, மீனும் இறைச்சியும் கூடாது என்பது உட்பட ஐந்து கட்டாய விதிகள் வேண்டும் என்று கேட்டபோது புத்தர் மறுத்ததும் இந்தச் சூழலில்தான். பிச்சைக்காரன் மெனு சொல்ல முடியாது.

ஜீவக சுத்தத்தின் கடைசிப் பகுதியை நான் எதிர்பார்க்கவில்லை. பிக்குவுக்காக ஒருவன் மிருகத்தைக் கொன்றால் அவனுக்கு ஐந்து வகையில் பாவம் என்று அது பட்டியல் போடுகிறது. பிடித்து வா என்று ஆள் அனுப்புவது ஒன்று. கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வரும்போது அந்த மிருகம் படும் வேதனை இரண்டு. கொல் என்று உத்தரவிடுவது மூன்று. கொல்லப்படும்போது அது படும் வேதனை நான்கு. தகாத உணவைப் பிக்குவுக்குக் கொடுப்பது ஐந்து. ஐந்தில் இரண்டு, மிருகம் என்ன அனுபவித்தது என்பதைத் தனியாகக் கணக்கில் எடுக்கின்றன. எட்டயபுரத்தில் சரக்கு ஆட்டோவில் ஏற மறுத்துக் காலை ஊன்றிக்கொண்ட கிடாய் எனக்கு ஞாபகம் வந்தது. கயிற்றை இழுத்தவன் நான்.

காசு செய்யும் கொலை

பிக்குவுக்குப் பொருந்துகிற விதி, காசு கொடுத்து வாங்குகிற குடும்பஸ்தனுக்குப் பொருந்துமா? பழைய ஆட்கள் இந்த ஓட்டையைப் பார்க்காமல் இல்லை.

மகாபாரதம் அனுசாசன பர்வத்தில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமனிடம் புலால் பற்றி நீளமாகப் பேசுகிறார். கொலையை மூன்றாகப் பிரிக்கிறார். வாங்குபவன் பணத்தால் கொல்கிறான். தின்பவன் தின்பதால் கொல்கிறான். கட்டி வெட்டுபவன் கையால் கொல்கிறான். மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயமும் அனுமதி கொடுப்பவன், வெட்டுபவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், தின்பவன் என்று எல்லோரையும் கொலைகாரர் பட்டியலில் சேர்க்கிறது. அதே மனு வேள்வியில் கொல்வது கொலையே இல்லை என்றும் சொல்கிறது. யாருடைய கொலைக்கு விலக்கு கிடைக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இந்த நூல்களைப் படிக்க வேண்டும்.

பௌத்தத்துக்கு உள்ளேயே எதிர்ப்பு வந்தது. லங்காவதார சூத்திரத்தில் புலாலுக்கு எதிராக ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. காசுக்காகத்தான் கொல்கிறார்கள், வாங்குகிற ஆள் இருப்பதால்தான் கொல்கிறார்கள், எனவே மூன்று நிபந்தனையால் சுத்தமான இறைச்சி என்று ஒன்று கிடையாது என்பது அதன் வாதம். இந்த சூத்திரத்தை 443இல் குணபத்திரர் சீன மொழிக்குக் கொண்டுபோனார். அடுத்த நூற்றாண்டில் லியாங் வம்சத்துப் பேரரசர் வூ பிக்குகள் புலால் உண்பதைத் தடுத்தார். முன்னோர் வழிபாட்டில் மிருகத்துக்குப் பதில் மாவால் செய்த உருவங்களை வைக்கச் சொன்னார். நம் ஊரில் பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

குறளின் சந்தைக் கணக்கு

இப்போது தமிழுக்கு வருகிறேன். புலால் மறுத்தல் திருக்குறளின் 26ஆவது அதிகாரம். பள்ளிக்கூடத்தில் இதை ஒரு நல்லொழுக்கப் பாடமாகப் படித்து மார்க் வாங்கினோம். அந்த அதிகாரத்தின் ஆறாவது குறளில் (256) சந்தை எப்படி இயங்குகிறது என்று ஒரு விளக்கம் இருப்பது அப்போது உறைக்கவில்லை. தின்பதற்காக உலகத்தார் கொல்லாமல் இருந்தால், விலைக்கு விற்கிறவர்களே இருக்க மாட்டார்கள் என்கிறார் வள்ளுவர். தேவை இருப்பதால் விற்பனை. விற்பனை இருப்பதால் கொலை.

இதைப் பௌத்தர்களுக்குச் சொன்ன பதிலாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கும் அது சரியாகப் படுகிறது. ஏனென்றால் பௌத்தத்தில் ஒரு முரண் இருந்தது. இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களில் ஆயுதம், உயிர்கள், மது, விஷம் இவற்றோடு இறைச்சி வியாபாரமும் உண்டு. விற்பவன் தொழில் தவறு, நிபந்தனையோடு தின்பவன் மேல் தவறில்லை என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. வள்ளுவர் இடிக்கிற இடத்தில் சரியாகக் கை வைக்கிறார்.

பிற்காலத்தில் நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் நீலகேசி பௌத்தர்களோடு வாதம் செய்யும்போது புலால் உண்பதும் வாதப்பொருளாகிறது. அதன் உரையாசிரியர் சமய திவாகர வாமன முனிவர் குறளைத் தங்கள் சமய நூலாகவே குறிப்பிடுகிறார். குறள் சமண நூலா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த விவாதம் தமிழ்நாட்டில் உயிரோடு நடந்தது என்பதற்கு இது போதும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. புலால் மறுத்தல், கொல்லாமை (33) இரண்டு அதிகாரங்களையும் வள்ளுவர் துறவறவியலில்தான் வைத்திருக்கிறார், இல்லறவியலில் இல்லை. தங்கை மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மாமனுக்கு இது ஒரு ஓட்டை. நானும் சில நாள் அந்த ஓட்டைக்குள் ஒளிந்துகொண்டேன். ஆனால் 256 பேசுவது உலகத்தாரைப் பற்றி, விலையைப் பற்றி. துறவி கடைக்குப் போவதில்லை. கடைக்குப் போவது நான்.

ஊன் சோறும் பயப்படாத மீன்களும்

'தமிழன் ஆதியிலிருந்தே சைவம்' என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சங்க இலக்கியத்தைக் காட்டலாம். புறநானூற்றின் 14ஆம் பாட்டில் கபிலர் தன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனுக்கு விளக்குகிறார். கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு வேலை தெரியாத கை என்கிறார். கபிலர் அந்தணர். பொருநராற்றுப்படையில் வரும் பொருநனுக்கு இரவும் பகலும் ஊன் தின்று, உழுது தேய்ந்த கொழு மாதிரிப் பல் மழுங்கிப் போகிறது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுட்ட இறாலும் வேகவைத்த ஆமையும் தின்கிறார்கள். அதே பாட்டில், கொலையை விலக்கிய குடிகளைப் பற்றிச் சொல்லும்போது, வலைஞர் வீட்டு முற்றத்தில் மீன்கள் பயமில்லாமல் துள்ளுகின்றன, ஊன் விற்பவர் குடிசையைச் சுற்றி விலங்குகள் கூட்டமாக நிற்கின்றன என்று ஒரு காட்சி வருகிறது. இப்படி ஒரு நகரம் உண்மையில் இருந்திருக்காது. ஆனால் அதை எழுதிய உருத்திரங்கண்ணனார் மீன் பயப்படும் என்று நினைத்தவர். விலங்கு எங்கே நிற்கப் பயப்படும் என்று கேட்டதும் அவருக்குத் தோன்றிய இடம் கறிக்கடை. ஒரே பாட்டில் ஆமைக்கறியும் இருக்கிறது, இந்தக் காட்சியும் இருக்கிறது. எங்கள் வீடு மாதிரி.

இந்தப் பிரச்சினையை நடைமுறையில் எப்படித் தீர்ப்பது என்று யோசித்த நூல் மணிமேகலை. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கும் சாதுவனிடம் நாகர் தலைவன் நேராகக் கேட்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் நாங்கள் எப்படி வாழ்வது? சாதுவன் முழுச் சைவம் கேட்கவில்லை. மூத்துத் தானாகச் செத்த விலங்கைத் தவிர வேறு எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்று முடிக்கிறான். எதிரே இருப்பவனால் எவ்வளவு முடியும் என்று பார்த்துச் சொன்ன அறம் அது.

அசோகரும் இப்படித்தான், படிப்படியாகப் போனார். முதல் பெரும்பாறைக் கல்வெட்டில், முன்பு அரண்மனைச் சமையலுக்கு நாள்தோறும் லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது ரெண்டு மயிலும் ஒரு மானும்தான், மானும் தினம் இல்லை, இனி அந்த மூன்றும் நிற்கும் என்று பதிவு செய்கிறார். தன் தட்டில் இன்னும் மயில் இருக்கிறது என்று கல்லில் வெட்டி ஊருக்கெல்லாம் சொன்ன ராஜா வேறு யாராவது இருக்கிறார்களா? பிறகு முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் வெட்டிய ஐந்தாம் தூண் கல்வெட்டில் சினை ஆடும் பால் கொடுக்கும் ஆடும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியும் கொல்லப்படக் கூடாது, சேவலுக்குக் காயடிக்கக் கூடாது, உயிர்கள் இருக்கும் உமியைக் கொளுத்தக் கூடாது என்று விதிகள் நீள்கின்றன.

2003

அசோகர் மாதிரி சட்டம் போட்டால் சரியாகிவிடுமா? நம் மாநிலத்தில் போட்டுப் பார்த்தார்கள். கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடை செய்யும் சட்டம் 1950லேயே இருந்தது. பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்த அதை 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு கறாராக அமல்படுத்தச் சொன்னது. கிராமத்துச் சாமிகளைக் கும்பிடுகிற மக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது.

அப்போது எனக்கு இருபதைத் தாண்டிய வயது, புதிதாக வேலையில் சேர்ந்திருந்தேன். எங்கள் பெரியப்பா அன்றைக்குச் சொன்னதை இப்போதுதான் புரிந்துகொள்கிறேன்: "நாம வருசத்துக்கு ஒருக்கா சாமி முன்னாடி வெட்டுறோம். அது குத்தமாம். கடையில தெனம் ஆயிரம் தொங்குது, அதுக்கு லைசென்சு." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தச் சட்டம் கோயிலையும் அதன் சுற்றையும்தான் தொட்டது. ஆட்டின் வலி கோயிலில் ஒரு அளவு, கறிக்கடையில் ஒரு அளவு என்று கிடையாது. எல்லோரும் பார்க்கும்படி நடந்த கொலைக்குத் தடை, பார்க்காமல் நடந்த கொலைக்கு இல்லை. கண்ணால் பார்க்காதது, காதால் கேட்காதது என்ற அதே நிபந்தனைதான், ஒரு மாநிலத்தின் அளவில்.

சைவம் என்ற சொல்லுக்குப் பின்னால் நம் ஊரில் சாதி இருக்கிறது. வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும். மிருகத்தின் மேல் இரக்கம் என்ற பெயரில் மனிதனைக் கீழே வைத்த வரலாறு நீளமானது. அதனால் 'கறி சாப்பிடாதே' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஆனால் என்னிடம் கேட்டது அந்த ஆட்கள் இல்லை. கிடாய்க்குக் கீரை கொடுத்த என் மகள். அந்தக் கோபத்தை அவள் கேள்விக்குப் பதிலாகக் காட்ட முடியாது.

இப்போது

பெரியப்பா சொன்ன காலத்தில் கறி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடைக்கும். நாட்டுக்கோழி வீட்டைச் சுற்றி மேய்ந்து வளர ஐந்தாறு மாதம் ஆகும். இப்போது பல்லடம், உடுமலைப் பக்கம் ஒப்பந்தப் பண்ணைகளில் பிராய்லர் சுமார் 40 நாளில் 2 கிலோ ஆகிவிடுகிறது. சில ஆண்டுகள் வாழக்கூடிய பறவை ஆறு வாரத்தில் முடிந்துவிடுகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் மேல் கோழிகளைக் கொல்கிறோம். இதில் எந்தக் கோழியும் 'எனக்காக' வெட்டப்பட்டது இல்லை. ஆனால் நான் இன்றைக்கு ஒரு கிலோ வாங்கினால் கடைக்காரர் நாளைக்கு அந்த இடத்தை நிரப்பச் சொல்வார். என் தொழில் பாஷையில் சொன்னால், பில் போடும்போதே அடுத்த ஆர்டர் தானாகப் போய்விடுகிறது.

இதில் பார்த்தால், நான் குற்ற உணர்ச்சியோடு நினைத்த கோயில் கிடாய்தான் நல்ல வாழ்க்கை வாழ்ந்தது. ஏதோ ஒரு கரிசல் காட்டில் மேய்ந்தது. யாரோ பெயர் வைக்காமல் வளர்த்தார்கள். சாகும்போது எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அதன் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் விரல் நீட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு அதுகூட இல்லை.

நான் என்ன முடிவு எடுத்தேன் என்று கேட்பீர்கள். பிராய்லர் வாங்குவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. ஊருக்குப் போனால் அம்மா வைக்கும் குழம்பைச் சாப்பிடுகிறேன். அசோகரின் மயில் மாதிரி அது இன்னும் என் தட்டில் இருக்கிறது, அதை இங்கே எழுதி வைக்கிறேன். 'ஏற்கெனவே வெட்டித்தானே வச்சிருப்பாங்க' என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மகள் கறியை விட்டாளே தவிர, தினம் ரெண்டு முட்டை சாப்பிடுகிறாள். வளர்கிற பிள்ளை என்று அவள் அம்மாவுக்கும் அதில் நிம்மதி. இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் முட்டைக்கோழிகள் அடைபடும் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளை விடச் சிறியது என்று தெரிந்தது. முட்டைக்கோழி ரகத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகளால் லாபம் இல்லை என்று பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள் என்பதும் தெரிந்தது.

அவள் இதைப் பார்த்ததில்லை, கேட்டதில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை. மூன்று நிபந்தனையும் அவளுக்குப் பொருந்துகிறது. பொருந்தும்படி வைத்திருப்பது நான். ரெண்டு வாரமாக இந்தக் கட்டுரை முடிந்தும் போடாமல் கிடந்தது இதனால்தான். நான் எழுதுவதையெல்லாம் அவள் படிப்பாள். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இது உங்களுக்கு எப்பலேர்ந்துப்பா தெரியும்?" என்று கேட்டாள்.

ரெண்டு வாரமாக என்றேன்.